எதிரே வரும் சைக்கிள்

தோட்டவெளி,
மன்னார்.
07.09.2025

என் அன்பு மகள் சுவேதினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தேவ கிருபையால் சுகம். நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிர் ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டுதான் பேனையை எடுத்திருக்கிறேன். போனில் சொல்வதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நீ இரண்டு கேள்விதான் கேட்கிறாய், அப்பாவின் கண் எப்படி, படிவத்தில் கையெழுத்து வைத்தாயிற்றா என்று. பக்கத்தில் அப்பா இருப்பதால் நானும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. அதோடு இத்தனை வருடம் தபால் கந்தோரில் ஊராரின் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் சொந்தப் பிள்ளைக்கு ஒன்று எழுதாமல் இருப்பது எனக்கே வெட்கமாக இருந்தது. இன்று பூசை முடிந்து வந்து, கறியை அடுப்பில் ஏற்றிவிட்டு எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், ஆறுதலாக வாசி.

வைகாசியில் நீ கனடாவுக்கு வரச்சொல்லிப் படிவங்களை அனுப்பினாய். மூன்று மாதமாக நான் கையெழுத்து வைக்கவில்லை. ஆனி தொடங்கும்போது ஒருநாள் கோபத்தில், "அப்பா கதிரையில இருந்து இருந்து கரைஞ்சு போறார், நீங்கள் இந்த வயசில சைக்கிள் ஓடித் திரியிறியள்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அது எனக்குத் தைத்தது. ஏனென்றால் அதில் பாதி உண்மை. மற்றப் பாதி உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஐப்பசியில் கண் வைத்தியர் அப்பாவுக்கு இனிக் கடலும் வேண்டாம், மோட்டார் சைக்கிளும் வேண்டாம் என்று சொன்னது உனக்குத் தெரியும். இடது கண் போய்விட்டது. வலது கண் நேரே இருப்பதை மட்டும்தான் காட்டும், குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல என்று அவரே சொல்வார். படகு சித்தப்பாவிடம் போனது. நான் உன்னிடம் முழுதாகச் சொல்லாதது என்னவென்றால், அதற்குப் பிறகு அவர் படலைக்கு வெளியே கால் வைக்கவில்லை. பூசைக்கும் வரவில்லை. கிணற்றடியில் கதிரையைப் போட்டு மதிலைப் பார்த்தபடி இருப்பார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், படுக்கச் சொன்னால் படுப்பார். உன் அழைப்பு வந்தால் மட்டும் தொண்டையைச் செருமிக் குரலைத் திருத்திக்கொண்டு, "நான் சுகமாத்தான் இருக்கிறன் பிள்ளை" என்பார். பிறகு போனை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பவும் மதிலைப் பார்ப்பார். கடலில் இருந்த மனிதன், அவருக்கு நான் என்ன பேச்சுக் கொடுப்பது. கந்தோரில் இன்று இத்தனை பொதி வந்தது என்று சொன்னால் "ம்" என்பார்.

என்னைக் கந்தோரில் கொண்டுபோய் விடுவது அவர் வேலைதானே. அது நின்றதும் நான் பஸ்ஸுக்குப் போனேன். பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த பஸ் தோட்டவெளியில் நின்றால் நிற்கும், இல்லாவிட்டால் கையைக் காட்டிவிட்டுப் போய்விடும். ஒரே மாதத்தில் நாலு நாள் பிந்திப் போனேன். தபாலதிபர் தில்லைநாதன் ஐயா நல்ல மனிதர், ஆனாலும் நாலாம் நாள் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்று பின்னேரம் வந்து பின்கொட்டிலில் கிடந்த உன் சைக்கிளை வெளியே எடுத்தேன். நீ உயர்தரம் படிக்கும்போது ஓடிய அதே நீலச் சைக்கிள்தான். இரண்டு ரயரும் வெடித்து, செயின் துருப்பிடித்துக் கிடந்தது. சந்தியில் இருக்கும் சைக்கிள் கடைக்காரர் இரண்டு நாளில் சரிக்கட்டித் தந்தார். முப்பது வருடம் நான் சைக்கிளில் ஏறவில்லை. கோயிலுக்குப் பின்னால் உள்ள மணல் ஒழுங்கையில் மூன்று பின்னேரம் பழகினேன். ஒருமுறை விழுந்தும் இருக்கிறேன், முழங்கையில் சின்னக் காயம்தான், இப்போது சொல்வதால் கோபிக்காதே. மாசி மாதம் முதலாம் கிழமையில் இருந்து கந்தோருக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன், நாற்பது நிமிடம் எடுக்கும்.

மகள், இது எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த ரோட்டில் பத்தொன்பது வருடம் அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு போய்வந்தவள் நான், ஆனால் ரோட்டைப் பார்த்ததே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. எங்கள் தீவு தட்டை என்றுதானே நாங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறோம். தட்டை இல்லை. தாராபுரத்துக்கு இந்தப்பக்கம் உள்ள மதகடிக்குக் கிட்ட ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். அதைத் தாண்டினால் நூறு யார் தூரம் உழக்காமலே சைக்கிள் போகும். அந்த நூறு யார் தூரத்துக்காகவே நான் காலையில் கொஞ்சம் முந்தி எழும்புகிறேன் என்றால் நீ சிரிப்பாய். பேக்கரி இருக்கும் இடம் கண்ணுக்கு வரமுதலே மூக்குக்கு வந்துவிடும். எந்த வீட்டில் மீன் பொரிக்கிறார்கள், எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டுக் கோழி படலைக்கு மேலே ஏறி நிற்கும், எல்லாம் தெரியும். கழுதைகள் ரோட்டு நடுவில் நின்றால் மணி அடித்தும் பயனில்லை, இறங்கி உருட்டிக்கொண்டு பக்கத்தால் போகவேண்டும், அவை திரும்பியும் பார்க்காது. கந்தோருக்குள் போகும்போது வியர்த்திருந்தாலும் மனது கழுவினமாதிரி இருக்கும். சீனி வருத்தமும் குறைந்திருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

இனித்தான் சொல்லவந்த விஷயம். பங்குனி மாதத்தில் ஒருநாள், நான் போகும் அதே நேரம் எதிரே ஒரு பெண் சைக்கிளில் வருவதைக் கவனித்தேன். தாராபுரத்துப் பக்கம் இருந்து எங்கள் பக்கம் வருகிறவள். முப்பது வயது மதிக்கலாம், முக்காடு போட்டு, நேராக நிமிர்ந்து இருந்து உழக்கிவருவாள். அவள் கரியரில் ஒவ்வொரு நாளும் ஏதாவது கட்டியிருக்கும். முதல் நாள் பாய் அளவில் சுருட்டின காட்போட் மட்டை. அடுத்த நாள் முள்ளு இல்லாத சுவர் மணிக்கூடு. ஒருநாள் உடைந்த குடைகள் நாலு. ஒருநாள் மூடி போட்ட தண்ணீர்ப் பேசின், பழைய சைக்கிள் ரியூபால் இறுக்கிக் கட்டியும் வழியெல்லாம் சிந்திக்கொண்டு போனது. முதலில் தலையாட்டினோம், பிறகு மணி அடித்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. மதகடியில் சந்தித்தால் இரண்டு பேரும் நேரத்துக்குப் போகிறோம் என்று அர்த்தம். அவள் எங்கள் பக்கம் உள்ள தண்ணீர்த் தாங்கியைத் தாண்டி வந்துவிட்டால் நான் பிந்திவிட்டேன் என்று வேகமாக உழக்குவேன். இவள் யார், இதெல்லாம் யாருக்கு என்று கந்தோரில் முத்திரை குத்தும்போதும் யோசித்துக்கொண்டு இருப்பேன்.

ஒருநாள் பின்னேரம் வேறு பேச்சில்லாமல் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ம்" என்றுதான் கேட்டுக்கொண்டு இருந்தார். அடுத்த நாள் நான் சைக்கிளை ஸ்ரான்டில் விடமுதலே, "இண்டைக்கு என்ன கொண்டு போனவ?" என்று கேட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. தேங்காய்ச் சிரட்டைகள், ஒரு சாக்கு நிறைய என்றேன். அதன்பிறகு அதுவே எங்களுக்குத் தினமும் கதை. நான் பழைய சாமான் விற்கிறவள் என்றேன். அப்பா மறுத்தார். "விக்கிற ஆள் எண்டால் ஒரே சாமான்தான் வரும். நாளுக்கு ஒண்டு, அதுவும் உடைஞ்சது கழிஞ்சது எண்டால் அது சின்னப்பிள்ளையளோட வேலை. அவ ரீச்சர்" என்றார். பின் ஒழுங்கையில் தை மாதம் ஒரு முன்பள்ளி தொடங்கியதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நான் காலையில் போய்ப் பின்னேரம் வருகிறவள், அங்கே யார் படிப்பிக்கிறார்கள் என்று தெரியாது. நிறுத்திக் கேளுமன் என்றார். நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அப்பா திரும்பவும் மதிலைப் பார்க்கத் தொடங்கிவிடுவாரோ என்று பயம். காலையில் நான் புறப்படும்போது முற்றத்துக்கு வந்து நின்று பனையோலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இண்டைக்குக் கச்சான் காத்து. போகேக்க தள்ளும், வரேக்க மறிக்கும், தண்ணிப் போத்திலை மறக்காதையும்" என்பார். அவர் சொன்னது ஒருநாளும் பிழைத்ததில்லை.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. திங்களும் வரவில்லை, செவ்வாயும் இல்லை. அப்பா ஒவ்வொரு நாளும் கேட்டார், நான் இல்லை என்றேன். புதன்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது படலை திறந்து கிடந்தது. கிணற்றடியில் கதிரை மட்டும் இருந்தது. மகள், இதை உனக்கு எழுதவா விடவா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் முதலில் வீட்டுக்குள் போய்த் தேடவில்லை. கிணற்றுக்குள்தான் எட்டிப் பார்த்தேன். அவ்வளவுக்கு நான் பயந்துபோய் இருந்தேன் என்பது அந்த நேரம்தான் எனக்கே தெரிந்தது. தண்ணீரில் என் தலைதான் தெரிந்தது. கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். படலையில் சத்தம் கேட்டது. அப்பா வேலியைத் தடவிக்கொண்டு உள்ளே வருகிறார், கால் நிறையப் புழுதி, பெருவிரலில் இரத்தம். என்னைப் பார்த்ததும், "அவவின்ர பேர் அப்ரா. தாராபுரம். முன்பள்ளி ரீச்சர்தான், நான் சொன்னது சரி. கழுதைக்குட்டி குறுக்க பாய்ஞ்சு விழுந்து வலக்கை முறிஞ்சு போச்சாம்" என்றார். மத்தியானமே புறப்பட்டு, வீடு வீடாக விசாரித்து, முன்பள்ளி வரைக்கும் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான் விரலுக்கு மருந்து போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது தாராபுரத்தில் விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். கையில் பிளாஸ்ரரோடு வாசலுக்கு வந்தவள் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தாள். பின்னால் நின்ற நீலச் சைக்கிளைக் கண்டதும்தான் முகம் மலர்ந்தது. அவள் முதலில் என்ன கேட்டாள் தெரியுமா. "அன்ரி, நீங்கள் எந்தக் கந்தோர்? உம்மா உங்களை நேர்ஸ் எண்டவ, நான் பாங்க் எண்டனான், எங்களுக்குள்ள ஒவ்வொரு நாளும் இதுதான் கதை" என்றாள். நாங்கள் இங்கே அவளைப் பற்றி யோசித்த அதே நேரம் அங்கேயும் ஒரு வீட்டில் என்னைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. பதினெட்டுப் பிள்ளைகள். அந்த முன்பள்ளியைத் தொடங்க அவள் இரண்டு வருடம் அலைந்திருக்கிறாள். உதவிக்கு இருந்த பெண் கலியாணமாகிப் போய்விட்டாள். பிளாஸ்ரர் வெட்ட ஆறு கிழமையாகும், அதற்குள் தாய்மார் பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றத் தொடங்கிவிட்டார்கள், ஐந்து பேர் போயாயிற்று. "தம்பி ஓட்டோவில கொண்டுவந்து விடுவான் அன்ரி. ஆனால் ஒரு கையோட நான் பேனை பிடிக்கிறதோ பிள்ளையைப் பிடிக்கிறதோ" என்றாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். "அந்தப் பிள்ளைக்கு அறிவியும். ஒரு கை இல்லையெண்டால் என்ர ரெண்டு கையும் சும்மாதானே கிடக்குது" என்றார். திங்கட்கிழமை முன்பள்ளி திறந்தது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், "நீர் வேலைக்குப் போம், எனக்கு வழி தெரியும்" என்று அனுப்பிவிட்டார். அன்று முழுக்க எனக்குக் கந்தோரில் கை ஓடவில்லை. பின்னேரம் வந்தால் திரும்பவும் கிணற்றடிக் கதிரை. சின்னக் கதிரை ஒன்று பக்கவாட்டில் இருந்ததைக் காணாமல் தடக்கிப் பிள்ளைகளுக்கு முன்னால் விழுந்திருக்கிறார். ஒரு பெண்பிள்ளை பயந்து கத்திவிட்டாளாம். "நான் போனால் அதுகளுக்குத்தான் கரைச்சல். இனிப் போகேல்லை" என்றார். அவர் முகத்தைப் பார்த்து நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலையில் நான் சைக்கிளை எடுக்கும்போது ஓட்டோ ஒன்று படலையில் வந்து நின்றது. அப்ரா இறங்கவில்லை. இருந்தபடியே அப்பாவைப் பார்த்து, "அங்கிள், நேற்று நான் இடக்கையால கரும்பலகையில எழுத முழுப் பிள்ளையளும் சிரிச்சதுகள். சிரிக்கிறதுக்கு நான் ஒராள் போதாது, நீங்களும் வாங்கோ" என்றாள். பிறகு, கதிரைகளை எல்லாம் சுவரோடு அடுக்கியாயிற்று, இனிப் பிள்ளைகள் பாயில்தான் இருப்பார்கள் என்றும் சொன்னாள். அப்பா உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏறினார். நான் அன்று எதிர்க்காற்றிலும் எப்படி உழக்கினேன் என்று எனக்கே தெரியாது.

ஆறு கிழமையும் அவர் ஒருநாள் தவறவில்லை. மட்டை வெட்டுவது, சாப்பாட்டுப் பெட்டி மூடி திறப்பது, மணி கோர்ப்பது, சப்பாத்துப் பட்டி போடுவது எல்லாம் அவர்தான். கிழிந்த வலை பொத்தின கை, கண் இல்லாமலே வேலை செய்யும். கத்தின அதே பெண்பிள்ளை இப்போது அவருடைய இடப்பக்கத்தை விட்டு விலகுவதில்லை, தடக்குகிற மாதிரி ஏதும் இருந்தால் பெரிய ஆள்போல உரத்துச் சொல்வாளாம். போன ஐந்து பேரில் நாலு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். பின்னேரம் நான் வரும்போது இப்போது அவரிடம்தான் கதை இருக்கிறது, நான் "ம்" சொல்கிறேன்.

மடுத் திருவிழா முடிந்த கிழமை அப்ராவுக்குப் பிளாஸ்ரர் வெட்டினார்கள். கை சரி, ஆனால் சைக்கிளில் ஏற அவளுக்குப் பயம். விழுந்த இடத்தை ஓட்டோவில் கடந்தாலே கண்ணை மூடிக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் தாராபுரத்துக்குப் போனேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உழக்கிக்கொண்டு வந்தோம். இத்தனை மாதமாக எதிரெதிரே போனவர்கள், ஒரே பக்கம் பார்த்துப் போவது புதுமையாக இருந்தது. அவள் விழுந்த இடம் வந்தபோது, சொல்லி வைத்தமாதிரி அங்கே மூன்று கழுதைகள் நின்றன. அப்ரா இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன். போ என்றும் சொல்லவில்லை, பயப்படாதே என்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே ரோட்டோரம் நின்றோம். கழுதைகளும் நின்றன. கடைசியில் அவளே, "இதுகள் போகாது அன்ரி, நாங்கள்தான் போகவேணும்" என்று சொல்லிவிட்டு ஏறி, அவற்றைச் சுற்றி மெல்லமாகப் போனாள். அந்தப் பக்கம் போய் நின்று, வாங்கோ என்று என்னைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை காலை மதகடியில் எதிரே வந்தாள். இரண்டு பேரும் மணி அடித்தோம். இப்போது கரியரில் என்ன இருக்கிறது என்று அப்பா சொல்லி எனக்கு முதல்நாளே தெரியும், ஆனாலும் பார்க்காமல் விடுவதில்லை.

கை சுகமானதும் அப்பாவின் வேலை முடிந்துவிடும் என்று எனக்குள்ளே கவலை இருந்தது. அப்ரா விடவில்லை, தாய்மாரும் விடவில்லை. இப்போது தினமும் காலை ஏழரைக்குத் தானாக நடந்து போகிறார்.

உன் படிவங்களை நேற்று மேசையில் வைத்து அப்பாவிடம் கேட்டேன். முன்கூட்டியே ஓய்வு கேட்டு நான் எழுதி வைத்திருந்த கடிதத்தையும் காட்டினேன். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். "இது வேண்டாம். பிள்ளையைப் பாக்க ஆசை இருக்குது. மார்கழியில முன்பள்ளி விடுமுறை, போவம். தை பிறக்கப் பிள்ளையள் வந்திடுங்கள், அதுக்குள்ள திரும்பி வந்திடுவம்" என்றார். ஓய்வுக் கடிதத்தை நான் கிழித்துவிட்டேன். உன் படிவங்களில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தாயிற்று, இதோடு சேர்த்து அனுப்புகிறேன். உன்னோடு நிரந்தரமாக இருப்போம் என்று நீ நினைத்திருப்பாய், உனக்கு இது ஏமாற்றமாகவும் இருக்கலாம். ஒரு மாதம் உன் கையால் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், அதற்கு மேல் எங்களைப் பிடித்துவைக்காதே. மார்கழியில் அங்கே பனி முழங்கால் அளவு வரும் என்கிறாய். அதற்குள்ளும் யாராவது வேலைக்குச் சைக்கிளில் போகிறார்களா? ரயர் வழுக்காதா, கை விறைக்காதா, கழுதைக்குப் பதிலாக அங்கே ரோட்டில் என்ன நிற்கும்? மருமகனைக் கேட்டு எழுது. எனக்கு அறியவேண்டும். நீயும் காரிலேயே போய் வராமல் வெயில் நாளிலாவது கொஞ்சத் தூரம் சைக்கிளில் போய்ப் பார், முதுகு நோவும் குறையும். சின்னவளுக்கு மூன்று வயது முடிகிறது, சின்னச் சைக்கிள் ஒன்று பழக்கு. நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வந்து தேத்தண்ணியோடு படுத்துவிடாதே.

ஆண்டவரும் மடு மாதாவும் உங்கள் மூன்று பேரையும் ஒரு தீங்கும் அணுகாமல் காக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே மகள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசும்போது கண் எப்படி என்று முதலில் கேட்காதே. இந்தக் கிழமை பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேள். கேட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆறுதலாக இரு, அவர் சொல்லி முடிக்க நேரம் எடுக்கும்.

என்றும் உன் நினைவோடு,
அன்பு அம்மா
பெ. எடித்